வாய் திறக்காத பாசி

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணி,

பெட்டியைத் திறந்ததும் முதலில் இந்தக் கடிதத்தைப் படியுங்கள், பிறகு பாசியைப் பாருங்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் காவல் குடிசையில் சிக்னல் கிடையாது. மேட்டில் ஏறி நின்று கத்தினால் ஊருக்கே கேட்கும். போன தடவை நாம் போனில் பேசியது எப்படி முடிந்தது என்று உங்களுக்கும் நினைவிருக்கும். எழுதினால் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன கோடையில் குடாவுக்குள் சூடான தண்ணீர் வந்து தேங்கியதைச் சொன்னேன் அல்லவா? பழுப்புப் பாசி மொத்தமும் வெந்து கரை ஒதுங்கிவிட்டது. இந்த வருடம் ஒளிய இடமில்லாமல் மீன் குஞ்சே உள்ளே வரவில்லை. குடாவுக்குக் காவல்காரி என்று எனக்குச் சம்பளம் தருகிறார்கள். "வெறும் பாறைய யார் தூக்கிட்டுப் போகப்போறாங்கன்னு நீ காவல் காக்குற?" என்று என் வீட்டுக்காரரே கேட்கிறார். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார், ஆனாலும் சுருக்கென்கிறது.

மிச்சமிருப்பது குடாவின் வாயில் உள்ள வெளிப்பாறையில் மட்டும். அங்கே ஓயாமல் அலை அடிப்பதால் தண்ணீர் குளிர்ந்து ஒரு சின்னத் திட்டு பிழைத்திருக்கிறது. அது தானாக உள்ளே பரவாது. முட்டை தாயின் காலடியிலேயே விழுகிற ஜாதி இது. நீங்கள் உங்கள் நாற்றங்காலில் கல்லின் மேல் குட்டிச் செடிகளை வளர்த்துக் கொடுத்தால், அந்தக் கற்களை நான் குடாவுக்குள் பதித்துவிடுவேன்.

உப்பிய முனைகளாகப் பார்த்து வெட்டியிருக்கிறேன். ஆண் செடி, பெண் செடி தனித்தனிப் பையில். மண் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசியிருக்கிறேன். அந்தத் திட்டு இன்னும் ஓரிரு வெட்டுதான் தாங்கும். அதற்கு மேல் வெட்டினால் மிச்சமிருக்கும் தாயும் போய்விடும். பார்த்துச் செய்யுங்கள்.

அண்ணன் செய்ததற்கு நான் பொறுப்பில்லை. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 13

காவல்காரி அவர்களுக்கு,

பெட்டி கிடைத்தது. திறந்தால் கூழ்.

நல்ல தண்ணீரில் அலசினாயா? அதுவும் மூன்று முறையா? பாத்திரமா தேய்த்தாய்? கடலில் வாழ்கிற ஒன்றை உப்பில்லாத தண்ணீரில் போட்டால், உள்ளே இருக்கும் முட்டை எல்லாம் தண்ணீரைக் குடித்து வெடித்துவிடும். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு பையையும் அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று. உன் சுத்தம் அப்படி.

அடுத்த முறை அலசாதே. கடல் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்று. பனிக்கட்டி துணியில் படக்கூடாது. ஓரத்தில் வை.

இங்கே உன் பாசிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அலை அடிக்கிற பாறையில் வளர்ந்தது என்று எழுதியிருந்தாய். தொட்டியில் சும்மா கிடந்தால் வாடிப்போகும் என்று ஒரு மோட்டாரில் பலகை கட்டி, இரவும் பகலும் தண்ணீரை அடிக்க வைத்திருக்கிறேன். கூடவே காற்றுக் குழாயும் போட்டிருக்கிறேன். இந்த அறையில் நின்றால் உன் வெளிப்பாறை மேல் நிற்பது மாதிரியே இருக்கும்.

இன்னொன்று. போன வருடம் உன் அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தாயிற்று. இனி நான் உனக்கு அண்ணி இல்லை. வேலை விஷயமாக எழுதும்போது நாற்றங்காலுக்கு என்று எழுதினால் போதும்.

நாற்றங்கால் பொறுப்பாளர்


ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய நாற்றங்கால் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் குடிசை வாசலில் நின்றே படித்தேன். பிறகு உள்ளே போய் ஒருபாடு அழுதேன். பிறகு வெட்கமாக இருந்தது. தப்பு என்மேல்தான். வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் தரையைத் துடைத்து வைப்போமே, அந்தப் புத்தியில் அலசிவிட்டேன். அந்த முனைகளைத் திருப்பி ஒட்டவா முடியும்?

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது யார்? என் கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "இவ கத்துவா, ஆனா மனசுல ஒண்ணும் இருக்காது, தாங்குவீங்களா?" என்று கேட்டது யார்? அதெல்லாம் அண்ணன் சொல்லியா செய்தீர்கள்? அவன் போனால் அவன் போகட்டும். அவனோடு சேர்த்து உங்களையும் நான் எதற்கு இழக்க வேண்டும்? நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். எனக்கு வேறு பெயர் வாயில் வராது.

இரண்டாவது பெட்டி இதோ. அலசவில்லை. அந்தத் திட்டிலிருந்து வெட்டும்போது அலை என்னைப் பாறையோடு சேர்த்துத் தேய்த்தது. முழங்காலில் நல்ல காயம். வீட்டுக்காரர் இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார். "பாசிக்காக பொண்டாட்டிய கயித்துல கட்டி வச்சவன் நான் ஒருத்தன்தான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, நன்றாக உப்பியதை மட்டும் வெட்டியிருக்கிறேன். இந்த முறை எனக்கு நல்ல செய்தி சொல்லுங்கள் அண்ணி.


மே 3

உனக்கு,

நல்ல செய்தி இல்லை.

பெட்டி நல்லபடியாக வந்தது. முனைகள் உயிரோடு இருந்தன. தொட்டியில் போட்டேன், வெளிச்சம் கொடுத்தேன், தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்தேன். ஒன்றுமே வெளியே வரவில்லை. ஒரு முட்டைகூட விடவில்லை. அலை போதவில்லையோ என்று மோட்டாரின் வேகத்தைக் கூட்டினேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் முனைகள் தளர்ந்து அழுக ஆரம்பித்துவிட்டன. நேற்று எடுத்துப் போட்டுவிட்டேன்.

நீ பழுக்காததை வெட்டிவிட்டாய் என்று நினைக்கிறேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

மேலாளர் வந்து தொட்டியைப் பார்த்தார். பருவம் முடிந்ததும் இந்த அறையை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எனக்கு வேறு அறை கிடைக்கும். உன் பாறைக்கு வேறு திட்டு கிடைக்காது. அதனால் சொல்கிறேன், இனி வெட்டாதே, இருப்பது இருக்கட்டும். ஒன்றுமே இல்லாமல் போவதைவிட வெளிப்பாறையிலாவது கொஞ்சம் இருக்கட்டும்.

முழங்காலுக்கு மருந்து போட்டாயா?


மே 7

அண்ணி,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எழுதிவிட்டேன், இனி அதை அடித்துத் திருத்த மாட்டேன்.

பழுக்காததை வெட்டினேன் என்கிறீர்கள். சரி, நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளிப்பாறைக்குத்தான் போனேன். இனி வெட்ட மாட்டேன் என்று அந்தத் திட்டிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று. பைத்தியம் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் இருந்து நல்ல வெயில். மதியத்துக்கு மேல் கடல் வற்றி, காற்றும் விழுந்து, தண்ணீர் அசையாமல் கிடந்தது. அந்த இடத்தில் அப்படி ஒரு அமைதி எப்போதாவதுதான் வரும். நான் பாட்டுக்கு அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குனிந்து பார்த்தால், பாறைக் குழியில் இருந்த முனைகள் எல்லாம் வேர்த்திருக்கின்றன. சிலதில் ஆரஞ்சு நிறத்தில் முத்து முத்தாக, சிலதில் பச்சையும் பழுப்புமாக. கொஞ்ச நேரத்தில் குழித் தண்ணீரே கலங்கிவிட்டது. நான் வெட்டி அனுப்பினேனே, அதே செடிகள், அதே மாதிரி உப்பிய முனைகள்! பழுக்கவில்லையாம். அப்போது வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் யார் அவசரக்காரி என்று.

அப்புறம் காற்று எழுந்தது. முதல் அலை குழிக்குள் விழுந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. கடையடைப்பு மாதிரி, சட்டென்று.

எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. பொய், கோபம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறது. நான் காவல் காக்கும்போதே இந்தக் குடா செத்துப்போனது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மருந்து போட்டேன். ஆறிவிட்டது.


மே 11

அடியே வாயாடி,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினேன். தொட்டியில் ஒன்றும் இல்லை, ஆனாலும் நிறுத்தினேன். நீ பழுக்காததை வெட்டவில்லை. அலையை அடித்தது நான்தான்.

பொறுமையாகக் கேள். இந்தப் பாசி வெயிலில் உணவு செய்ய வேண்டியதைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் அது வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் நின்றுபோனால் தன்னைச் சுற்றி இருந்தது தீர்ந்துபோகும். அந்தக் குறைவை வைத்துத்தான் வெளியே அலை அடங்கிவிட்டது என்று அது தெரிந்துகொள்கிறது. அப்போதுதான் வாயைத் திறக்கிறது. அலையில் விட்டால் முட்டை ஒரு பக்கம், ஆண் அணு ஒரு பக்கம் என்று அடித்துக்கொண்டு போய்விடும் அல்லவா? அமைதியில் விட்டால் இரண்டும் பக்கத்திலேயே கிடந்து சேரும். அலை அதிகமான இடத்தில் வாழ்வதுதான் அமைதிக்கு இவ்வளவு காத்துக்கிடக்கிறது. அந்த வாயைத்தான் நான் இரவும் பகலும் அடித்து மூடி வைத்திருந்தேன்.

இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். என்றைக்கோ படித்தது. ஆனால் இத்தனை வருடமும் நான் வளர்த்தது ஆறு வந்து கலக்கிற கழிமுகத்துப் பாசி. அங்கே உப்பு குறைவு, முட்டையும் ஆண் அணுவும் அந்தத் தண்ணீரில் தாக்குப்பிடிக்காது. அதனால் அந்தப் பாசி வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. ஒடிந்து விழுகிற துண்டே கல்லைப் பிடித்துச் செடியாகிவிடும். பார்ப்பதற்கு உன்னுடையது மாதிரியேதான் இருக்கும், ஆனால் கடல் மாறினால் பிள்ளை பெறுகிற விதமும் மாறிவிடுகிறது. துண்டைப் போட்டோம், தண்ணீரை அசைத்தோம், வளர்ந்தது. முட்டைக்காகக் காத்திருந்து எனக்குப் பழக்கமே இல்லை. உன் பாறைச் செடிக்கு ஊர் நினைவு வராமல் இருக்கட்டும் என்று அலையைப் போட்டேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் போனதிலிருந்து சத்தமில்லாத அறை எனக்கு ஆகவில்லை. வீட்டில் யாரும் பார்க்காத டிவி ஓடிக்கொண்டிருக்கும். இங்கே இந்த மோட்டார். அதை நிறுத்திப் பார்க்கலாம் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

இன்னும் ஒரு வெட்டு கேட்கிறேன். போன கடிதத்தில் வெட்டாதே என்று எழுதிய அதே கைதான் கேட்கிறது. கேட்க எனக்கு வாயில்லை. அந்தத் திட்டு தாங்குமா தாங்காதா என்பது உனக்குத்தான் தெரியும். முடியாது என்றால் முடியாது என்று எழுது. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஏப்ரலில் இனி நான் உனக்கு அண்ணி இல்லை என்றேனே, அது என் வலியில் எழுதியது. நீ எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடு.

அண்ணி


மே 18

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று நாள் வெட்டவில்லை. பாறைக்குப் போவேன், கத்தியை எடுப்பேன், திரும்பி வந்துவிடுவேன். நீங்கள் எழுதியது புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. ஆனால் எனக்கு அங்கே இருக்கிற ஒவ்வொரு கொத்தும் தெரியும். எதை வெட்டுவது?

கடைசியில் வீட்டுக்காரர்தான் சொன்னார். "நீ வெட்டாம வச்சாலும் அடுத்த கோடைல வெந்நீர் வந்தா அதுவும் போயிரும். வச்சுக் காப்பாத்துறதும் ஒரு சூதாட்டம்தான்." எப்போதும் கேலி பேசுகிறவர் சொன்னது இது. அவரே கயிற்றைக் கட்டினார்.

பாதியை விட்டு வைத்திருக்கிறேன். மீதிப் பாதி இந்தப் பெட்டியில். இதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

போன வாரம் நான் மேட்டில் நின்றபோது அண்ணன் போனில் கூப்பிட்டான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டான். வேண்டுமென்றால் நீயே கேட்டுக்கொள் என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்லத்தான் நானா?

பெட்டியை வேனில் ஏற்றுகிறவரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.


மே 24

என் நாத்தனாருக்கு,

விட்டுவிட்டது!

இரு, ஒழுங்காகச் சொல்கிறேன். முனைகளை இரவு முழுக்க ஈரத்துணியில் இருட்டில் வைத்தேன். காலையில் ஜன்னலோரத் தொட்டியில், அசையாத தண்ணீரில் போட்டேன். அடியில் கற்களைப் பரப்பியிருந்தேன். மோட்டார் இல்லை, காற்றுக் குழாய் இல்லை. கதவைச் சாத்துவதற்குக்கூட ஒரு ஆளை நிறுத்தினேன், படார் என்று சாத்தித் தண்ணீர் ஆடிவிடக் கூடாது என்று. மேலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சுவரோரம் நின்றார். ஏதோ பேச வாயெடுத்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அந்த அமைதியில் என் கை முதலில் மோட்டார் சுவிட்சைத் தேடியது. அப்புறம் எப்போது நின்றது என்று தெரியவில்லை, ஏனென்றால் நான் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறி உச்சிக்கு வந்த பிறகு முதல் முத்து. நீ எழுதினாயே, அதே ஆரஞ்சு. பிறகு அடுத்தது. பிறகு எண்ண முடியவில்லை. தண்ணீர் கலங்கி, மெதுவாகத் தெளிந்து, முட்டை எல்லாம் கற்களின் மேல் போய் உட்கார்ந்தது. மறுநாள் ஒரு கல்லை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு கால் நீட்டிக் கல்லைப் பிடித்திருந்தது.

நான் அழுதேன். மேலாளர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அறையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இப்போது மோட்டாரைத் திரும்பப் போட்டிருக்கிறேன். பயப்படாதே. ஒட்டும்வரைக்கும்தான் அமைதி வேண்டும். ஒட்டிய பிறகு அடி வாங்கினால்தான் பிடி இறுகும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுகிறேன். தண்ணீர் குளிர ஆரம்பித்ததும் கற்களை அனுப்புகிறேன். அதுவரை அந்தப் பாதித் திட்டைத் தொடாதே, யாரையும் தொட விடாதே.

அண்ணி


நவம்பர் 2

அன்புள்ள அண்ணி,

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

கற்களை எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியே குடாவுக்குள் பதித்தோம். ஊரில் பாதிப் பேர் தண்ணீரில் இறங்கினார்கள். மறு வாரமே புயல். இரண்டு நாள் கரைப்பக்கம் போக முடியவில்லை. அடங்கியதும் போய்ப் பார்த்தால், முக்கால்வாசிக் கல் புரண்டு மண்ணுக்குள் போய்விட்டது. வெளிப்பாறையில் விட்டு வைத்த பாதியிலும் பாதிதான் இருக்கிறது.

கரையில் உட்கார்ந்து உங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கூப்பிட்டார். கிழக்கு ஓரத்தில், பெரிய பாறைக்குப் பின்னால் பதித்த கற்கள் அப்படியே இருந்தன. புரளாத கல்லில் செடி ஒன்றுகூடப் பிய்ந்து போகவில்லை. விரலால் இழுத்துப் பார்த்தேன். விடவில்லை. கல்லோடு வருகிறது, கல்லை விட்டு வரவில்லை. மோட்டாரில் அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் ஆயிற்றே.

எண்ணிக்கை குறைவுதான். பழைய குடாவை நினைத்தால் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் எனக்கு இப்போது காவல் காக்க ஏதோ இருக்கிறது. போன வருடம் இந்த நேரத்தில் அது இல்லை.


மே 20, ஒன்றரை வருடம் கழித்து

அன்புள்ள அண்ணி,

மேட்டில் டவர் வைத்த பிறகு நாம் தினமும் போனில்தான் பேசுகிறோம், தினமும் சண்டையும் போடுகிறோம். நேற்றும் ஒரு மணி நேரம் பேசினோம். ஆனால் இதை மட்டும் நேற்று சொல்லாமல் வைத்திருந்தேன். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் புகுந்து பத்துக் கேள்வி கேட்பீர்கள்.

கிழக்கு ஓரத்துச் செடிகள் இந்தக் கோடையில் முதல்முறையாக உப்பியிருந்தன. வெட்டவில்லை. கிட்டேகூடப் போகவில்லை, மேலே பாறையில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. காற்றடித்த நாட்களில் ஒன்றும் இல்லை. காற்று விழுந்த ஒரு மதியம் தண்ணீர் கலங்கியது. அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. நான் மூச்சு விடவில்லை, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று காலை இறங்கிப் பார்த்தேன். நம் கற்களைச் சுற்றி வெறும் பாறை இருக்கிறதே, கற்களே பதிக்காத இடம், அங்கே நகக்கண் அளவுக்குப் பழுப்பாகக் குட்டிகள். கையை நீட்டித் தொடுகிற தூரத்துக்கு எல்லாப் பக்கமும். அதற்குள் ஒரு மீன் குஞ்சு வேறு மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. இவற்றை நீங்களும் வளர்க்கவில்லை, நானும் பதிக்கவில்லை அண்ணி.

இனிமேல் உங்களுக்குப் பெட்டி வராது. அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் கிளம்பி வாருங்கள். இந்த வார இறுதியில் காற்று இருக்காது என்கிறார்கள்.